முப்பது வருஷம் பார்த்த சொதி திரிந்துபோனது ஏன்?

அம்பைக்காரன் எழுதியது:

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். ஒரு அவமானத்தைச் சொல்லித்தான் இந்த இழையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, நின்று சமைக்க முடியவில்லை. "சொதிதானே, நான் வைக்கிறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். சின்ன வயதிலிருந்து அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து அம்மா சொதி வைப்பதைப் பார்த்தவன் நான். முப்பது வருஷம் என்று வையுங்கள். தேங்காயைத் திருகி மூன்று பால் எடுப்பது, மூன்றாம் பாலில் காய் வேகவிடுவது, பாசிப்பருப்பை மலர வேகவைத்துச் சேர்ப்பது, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து விடுவது, கடைசியில் முதல் பால் என்று வரிசை முழுக்க மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

முதல் பாலை ஊற்றினேன். இரண்டு நிமிஷத்தில் மேலே எண்ணெய் தனி, கீழே தண்ணி தனி, நடுவில் தயிர்த் துணுக்கு மாதிரி வெள்ளை வெள்ளையாக மிதந்தது. மைனி எட்டிப் பார்த்துவிட்டு, "சொதியா, ரசமா?" என்று கேட்டாள். இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும் இருந்ததால் மானம் பாதி பிழைத்தது.

அப்புறம் அம்மாவிடம் போய், "இத்தனை வருஷம் பார்த்தேனே, ஏன் வரல?" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "நீ எங்க பார்த்த? சாப்பிடக் காத்திருந்த" என்றாள்.

அது வேடிக்கைக்குச் சொன்னதாக இருக்கலாம். ஆனாலும் எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியது இதுதான்: பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது சில விஷயத்தில் கைகொடுக்கிறது, சிலதில் இப்படிக் காலை வாரிவிடுகிறது. ஏன்?

---

கல்லிடை மாமி எழுதியது:

முதல் பால் விட்டப்புறம் கொதிக்க விட்டிருப்பாய். நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கரண்டியை எடுக்கிறதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

---

அம்பைக்காரன் எழுதியது:

கொதித்தது உண்மைதான் மாமி. ஆனால் கொதிக்க விடக்கூடாது என்பது எனக்கும் தெரியும்! தெரிந்தே கொதித்துவிட்டது. அதுதான் கேள்வி.

---

பாளை வாத்தியார் எழுதியது:

நான் கல்லூரியில் உளவியல் எடுக்கிறவன், அதனால் கொஞ்சம் பாடம் மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஆல்பர்ட் பண்டூரா. 1961-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் 72 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடித்து உதைப்பதைச் சில பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு பொம்மையோடு விட்டபோது அதே அடி, அதே உதை, அதே வசவு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தே பிள்ளைகள் படிக்கும் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் காட்டுகிற சோதனை அது.

ஆனால் அதே பண்டூராதான், பார்ப்பது மட்டும் போதாது என்றும் எழுதினார். கவனம் வேண்டும், பார்த்தது மனதில் தங்க வேண்டும், உடம்பு அதைச் செய்ய வேண்டும், செய்ய ஒரு காரணமும் வேண்டும். இந்த நான்கில் எது அறுந்தாலும் காரியம் நடக்காது. அம்பைக்காரருக்கு மனதில் தங்கியது வரிசை. அறுந்தது முதலாவது அல்லது மூன்றாவது என்று நினைக்கிறேன். அவருடைய அம்மா சொன்னது வேடிக்கையே இல்லை, கவனம் எங்கே இருந்தது என்பதைப் பளிச்சென்று சொல்லிவிட்டார்.

இன்னொன்று. 1965-ல் அவர் செய்த சோதனையில், பொம்மையை அடித்தவர் திட்டு வாங்குவதைப் பார்த்த பிள்ளைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. ஆனால் "பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு" என்றதும் அவர்களும் மற்றவர்கள் அளவுக்குச் செய்து காட்டினார்கள். ஆக, கற்றது வேறு, காட்டுவது வேறு. பட்டறையில் ஒரு பையன் ஒன்றும் செய்யாமல் நிற்கிறான் என்றால் ஒன்றும் தெரியாது என்று அர்த்தமில்லை. தப்பாகிவிட்டால் அறை விழும் என்ற பயமாகவும் இருக்கலாம்.

---

பனங்காடு (திசையன்விளை) எழுதியது:

வாத்தியார் சொன்ன நான்கும் சரி. ஐந்தாவதாக ஒன்று விட்டுப்போச்சு என்று நினைக்கிறேன். கண்ணுக்கே தெரியாததை எப்படிக் கவனிக்கிறது?

எங்கள் அப்பா பனையேறி. சீசனில் ஒரு நாளைக்குக் காலையும் சாயங்காலமும் மரம் ஏறுவார். கீழே நின்று பார்க்கிற ஆளுக்கு என்ன தெரியும்? காலில் தளை, நெஞ்சு மரத்தில், உன்னி உன்னி ஏறுவது தெரியும். உச்சிக்குப் போனதும் ஆள் ஓலைக்குள் மறைந்துவிடுவார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் கலயத்தோடு இறங்குவார். பட்டணத்திலிருந்து வந்து படம் பிடிக்கிறவர்களும் ஏறுவதைத்தான் பிடிப்பார்கள். ஏற்றம் இந்த வேலையில் கால்வாசிகூட இல்லை.

வேலை நடப்பது அந்த மறைந்த நேரத்தில். பாளையைக் கடிப்பு என்கிற இடுக்கிக் கட்டையை வைத்து நாள்கணக்கில் இடுக்கிப் பதப்படுத்த வேண்டும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் பாளை நுனியைச் சீவ வேண்டும். தடிமனாகச் சீவினால் சீசன் முடியும் முன்னே பாளை தீர்ந்துவிடும். பட்டும் படாமல் சீவினால் பழைய வாய் அடைத்தபடியே இருக்கும், பதநீர் இறங்காது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதும் அப்படித்தான். குறைந்தால் புளித்துக் கள்ளாகும், கூடினால் கருப்பட்டி சரியாக உறையாது. எவ்வளவு என்று கேட்டால் அப்பா விரலைக் காட்டுவார். அந்த விரலில் எவ்வளவு எடுத்தார் என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும்.

நான் பதினாறு வயதில் பெருமையாக ஒரு மரத்தில் ஏறிச் சீவினேன். மூன்று நாளில் ஒரு நல்ல பாளையைக் கொன்றேன். அப்பா திட்டவில்லை. ஒரு குட்டை மரத்தில் என்னை ஏற்றி, பின்னாலேயே ஏறி, என் கைமேல் அவர் கையை வைத்துச் சீவினார். அப்போதுதான் தெரிந்தது, அவர் கண்ணால் அளக்கவே இல்லை. அரிவாள் பாளையில் ஓடும்போது ஒரு சத்தம் வரும். சரியான தடிமனுக்கு ஒரு சத்தம், தடித்தால் வேறு சத்தம். பதினாறு வருஷமாகக் கீழே நின்ற எனக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்ததே இல்லை.

---

கல்லிடை மாமி எழுதியது:

நீங்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்துப் படிப்பதே வேஸ்ட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. அப்பளம் இடுவது, வடாம் பிழிவது, எல்லாம் பாட்டியையும் சித்தியையும் பார்த்துத்தான். குலவித்தை கல்லாமல் பாகம் படும் என்று சும்மாவா சொன்னார்கள்?

---

பனங்காடு எழுதியது:

மாமி, ஒரு சந்தேகம். பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் கை சும்மாவா இருந்தது?

---

கல்லிடை மாமி எழுதியது:

சும்மா இருக்க விடுவார்களா! உளுத்தம் மாவில் பிரண்டைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உரலில் போட்டு உலக்கையால் இடிப்பார்கள். எண்ணெய் தொட்டுத் தொட்டு மாவு மெழுகு மாதிரி ஆகும்வரை இடி. அப்புறம் உருட்டிப் போடுவார்கள். பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் மாவு, ஒரு சின்னக் குழவி. நான் இட்டது முதலில் இலங்கை மாதிரி இருக்கும், அப்புறம் இந்தியா மாதிரி. பாட்டி ஒன்றும் சொல்லாமல் அதை மறுபடி உருட்டி என் முன்னாலேயே போட்டுவிடுவாள். வட்டமாக வரும்வரை அதே மாவுதான். ஓட்டை விழுந்ததை ராத்திரி எனக்கே பொரித்துத் தருவாள்.

சரி சரி, நீ எங்கே வருகிறாய் என்று புரிகிறது. வெறும் பார்வை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாடமும் நடக்கவில்லையே. யாரும் வாயைத் திறக்கவில்லை.

---

பாளை வாத்தியார் எழுதியது:

மாமி எழுதியதில் எனக்குப் பிடித்தது "மறுபடி உருட்டி" என்ற இடம். தப்பினால் நஷ்டமில்லாத வேலை அது. பனங்காட்டின் பாளை அப்படியில்லை, செத்தால் செத்ததுதான். அம்பைக்காரரின் சொதியும் விருந்தாளி வாசலில் நிற்கும்போது வைத்தது. முதல் தடவையே தேர்வு நாளில்.

---

கொத்துச்சத்தம் (தென்காசி ரோடு) எழுதியது:

நம்ம பக்கம் பரோட்டாக் கடையில் நிற்காத ஆள் உண்டா? கல்லுக்குப் பக்கத்தில் நின்று மாஸ்டர் வீசுவதை நூறு தடவை பார்த்திருப்பேன். ஊரடங்கு சமயத்தில் வீட்டில் முயற்சி செய்தேன். முதல் வீச்சில் மாவு கிழிந்தது. இரண்டாவது வீச்சில் ஃபிரிட்ஜ்மேல் போய் ஒட்டியது. மூன்றாவதற்கு வீட்டுக்காரி கரண்டியோடு வந்துவிட்டாள்.

அப்புறம் பழக்கமான மாஸ்டர் ஒருவரிடம் புலம்பினேன். "மாவு எப்ப பிசைஞ்சீங்க?" என்றார். "அப்பவேதான்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். அவர் மத்தியானமே பிசைந்து, அடித்து, எண்ணெயில் ஊறப்போட்டு, உருண்டை பிடித்து மறுபடி ஊறவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வீசுகிறார். நாம் கடைக்குப் போவது ஏழு மணிக்கு. கையில் வித்தை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கையையே பார்த்தேன். பாதி வித்தை மத்தியானத் தூக்கத்தில் இருந்திருக்கிறது, என் தூக்கத்தில் இல்லை, மாவின் தூக்கத்தில்.

---

கம்ப்யூட்டர் கணேசா எழுதியது:

எனக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. மோட்டார் ரிப்பேர், ஆர்ஓ ஃபில்டர் மாற்றுவது எல்லாம் யூடியூப் பார்த்துத்தான் செய்கிறேன். ஒரு தடவை பார்த்தால் போதும். ஆர்வம் இல்லாதவர்கள் சொல்கிற சாக்கு இது.

---

பனங்காடு எழுதியது:

அண்ணாச்சி, அதற்கு முன்னால் ஸ்பேனர் பிடித்ததே கிடையாதா?

---

கம்ப்யூட்டர் கணேசா எழுதியது:

ஐடிஐ படிச்சிருக்கேன். அதுக்கும் இதுக்கும் என்ன?

---

பாளை வாத்தியார் எழுதியது:

அதுக்கும் இதுக்கும்தான் எல்லாமே.

2005-ல் லண்டனில் ஒரு மூளை ஆய்வு வந்தது. பாலே ஆடுகிறவர்கள், கப்போயிரா என்ற பிரேசில் நாட்டுச் சண்டையாட்டம் ஆடுகிறவர்கள், ஆட்டமே தெரியாதவர்கள் என்று மூன்று கூட்டத்துக்கும் அந்த இரண்டு ஆட்டத்தின் படத்தையும் காட்டினார்கள். தான் பழகிய ஆட்டத்தைப் பார்க்கும்போது, அசைவோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் அதிகமாக வேலை செய்தன. அதே படம், அதே கண், ஆனால் பழகிய உடம்புக்குள் வேறு மாதிரி இறங்குகிறது. ஐடிஐயில் போல்ட்டு முறுக்கிய கை இருப்பதால்தான் கணேசா அண்ணாச்சிக்கு ஒரு தடவை போதுமாக இருக்கிறது. எனக்கு அதே வீடியோ வெறும் சினிமா.

சினிமாவில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2018-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கார்டஸ், ஓபிரையன் என்ற இருவர் எழுதிய கட்டுரை. மேஜையில் தட்டு, கோப்பை எல்லாம் இருக்க, விரிப்பை மட்டும் சட்டென்று உருவும் வித்தை தெரியுமல்லவா? அந்த வீடியோவை ஒரு தடவை பார்த்தவர்களைவிட 20 தடவை பார்த்தவர்களுக்கு "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை கூடியது. பலகையில் குறிபார்த்துச் சின்ன அம்பு எறியும் டார்ட் விளையாட்டிலும் அப்படியே வீடியோ காட்டி, பிறகு நிஜமாக எறியவிட்டார்கள். நிறையத் தடவை பார்த்தவர்கள் நிறையப் புள்ளி வரும் என்றார்கள். எறிந்தபோது மற்றவர்களைவிட ஒன்றும் கூடவில்லை. ஏறியது நம்பிக்கை மட்டும்.

அதிலேயே ஒரு சின்ன வைத்தியமும் இருக்கிறது. கட்டைகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையைப் பார்த்தவர்கள் கையில், அந்தக் கட்டையைச் சும்மா கொஞ்ச நேரம் பிடித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். எறியக்கூட இல்லை. கனத்தைக் கை உணர்ந்ததும் ஏறிய நம்பிக்கை இறங்கிவிட்டது.

அம்பைக்காரர் முப்பது வருஷம் பார்த்தார். இருபது தடவைக்கே அந்த நிலைமை என்றால், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

---

ஏத்தன் (களக்காடு) எழுதியது:

தோட்டத்துக்காரன் பக்கம் ஒன்று சொல்கிறேன். நான் வாழை போட்ட முதல் வருஷம் எனக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் நாற்பது வருஷமாக ஏத்தன் வாழை வைக்கிறவர். அவர் தண்ணி பாய்ச்சினால் நானும் பாய்ச்சுவேன், அவர் உரம் வைத்தால் நானும் வைப்பேன். ஒரு நாள் பிந்தியதில்லை. வரப்பு ஒன்றுதானே நடுவில்.

வரப்பு ஒன்றுதான், மண் இரண்டு. அவருடையது மேட்டுச் செம்மண், விட்ட தண்ணி ஓடிவிடும். என்னுடையது பள்ளத்துக் களி, வாங்கிய தண்ணியை விடாது. ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டது. கிழங்கு அழுகி, லேசாகத் தள்ளினாலே மரம் சாய்ந்தது. ஒரு பத்தி முழுக்கப் போச்சு. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்ட கதை.

பிற்பாடு பெரியவரிடம் கேட்டேன், எதை வைத்துத் தண்ணி விடுகிறீர்கள் என்று. காலையில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்ப்பாராம், உதிர்ந்தால் பாய்ச்சுவார். அவர் அதைச் செய்வது விடிகாலையில். நான் பார்த்தது ஏழு மணிக்கு மோட்டார் ஓடியதை. ஆக நான் கவனமாகப் பார்த்தேன், ஞாபகம் வைத்தேன், செய்தேன், ஆர்வமும் இருந்தது. வாத்தியாருடைய நான்கும் இருந்தது, தோட்டம்தான் இல்லை.

---

பாளை வாத்தியார் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், இது என் நான்குக்குள் அடங்காது. இது அச்சு அசலாகக் காப்பியடித்ததால் வந்த வினை.

இதில் மனிதப் பிள்ளைகள் சிம்பன்சியைவிட மோசம் என்றால் நம்புவீர்களா? 2005-ல் ஹார்னர், வைட்டன் என்ற இருவர் ஒரு பெட்டியை வைத்துச் சோதித்தார்கள். உள்ளே பரிசு. திறந்து காட்டுகிறவர் தேவையே இல்லாத சில வேலைகளையும் சேர்த்துச் செய்வார். பெட்டி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்து, அந்த வேலை வீண் என்று தெரிந்ததும் சிம்பன்சிகள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு நேராகப் பரிசை எடுத்தன. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் வீண் வேலையையும் பக்தியாகச் செய்தார்கள். பெரியவர் செய்தால் ஏதோ காரணம் இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையால்தான் காரணம் தெரியாமலே அப்பளமும் கருப்பட்டியும் நம் கைக்கு வந்து சேர்ந்தது. அதே நம்பிக்கைதான் களக்காட்டில் கிழங்கையும் அழுகவிட்டது.

---

சீவாளி எழுதியது:

நானும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். சொந்த ஊர் காருகுறிச்சிப் பக்கம், அதனால் நாதஸ்வரம் இல்லாமல் முடிக்க முடியாது.

நாதஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளை. கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்தால் விரல் எல்லாம் தெளிவாகத் தெரியும். இத்தனை தெரிந்தும் பார்த்து வாசிக்க முடியாது. ஒரே விரலை வைத்துக்கொண்டு காற்றைக் கூட்டிக் குறைத்து, வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை உதட்டால் இறுக்கித் தளர்த்தி ஸ்வரத்தை வளைக்கிறார்கள். கமகம் என்கிற அந்த வளைவும் அசைவும் பாதிக்குமேல் அங்கேதான் இருக்கிறது. காற்று கண்ணுக்குத் தெரியுமா?

காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். குருவோடு கூடவே உட்கார்ந்து வாசித்தவர். எதிரே உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் இருந்தால் மூச்சு எங்கே எடுக்கிறார், எந்த இடத்தில் தோள் ஏறுகிறது என்பது நம் உடம்புக்கே தெரியும். நம் காற்று பிசகினால் அந்தக் கணமே அவர் நாதத்தோடு இடிக்கும். திருத்த வேறு ஆள் வேண்டாம்.

எங்கள் ஆச்சி ஓலைப்பெட்டி முடையக் கற்றுத்தரும்போதும் எதிரே உட்காரவிடமாட்டாள். "எதிர்ல இருந்தா உனக்கு வலது எனக்கு இடதுல்லா, இங்க வாலே" என்று பக்கத்தில் இழுத்துக்கொள்வாள்.

---

அம்பைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், நடுவில் வீட்டில் இரண்டு தடவை சொதி வைத்தோம்.

முதல் தடவை நான் தனியாக, ரெண்டு பேருக்கு மட்டும், யாரையும் அழைக்காமல். மாமி சொன்ன மாதிரி தீயைக் குறைத்து வைத்தேன். முழுக்கத் திரியவில்லை, ஆனால் ஓரத்தில் லேசாக எண்ணெய் பிரிந்தது. வீட்டில் சாப்பிட்டுவிட்டார்கள்.

அப்புறம் அம்மாவை அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "நீ வை, நான் பார்க்கிறேன்" என்றேன். இந்த முறை நிலைப்படியில் உட்காரவில்லை, அவள் தோளை ஒட்டி நின்றேன். இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. கரண்டியை விட்டுவிட்டு இடது கையைப் பார்த்தேன்.

முதல் பால் கிண்ணத்தை எடுத்தாள். ஊற்றவில்லை. சட்டியிலிருந்து ஒரு கரண்டி சூடான சொதியை எடுத்துக் கிண்ணத்துப் பாலில் விட்டுக் கலக்கினாள். இன்னொரு கரண்டி. மறுபடி கலக்கினாள். அதற்குள் இடது கை அடுப்பைச் சுத்தமாக அணைத்துவிட்டது. பிறகுதான் வெதுவெதுப்பான பாலைச் சட்டியில் சாய்த்தாள். பச்சைப்பால் ஒரேயடியாகக் கொதிக்கிற சூட்டில் விழவே இல்லை. திரிய வழியே இல்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தக் கரண்டி வேலையை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிண்ணத்தில் ஒட்டியிருக்கிற பாலை வீணாக்காமல் அலசி ஊற்றுகிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அம்மாவின் சிக்கனம் என்று வீட்டில் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். நான் வைத்தபோது அதை விட்டுவிட்டேன், ஒரு சொட்டுப் பாலுக்காகப் பார்க்கிற குடும்பமா நம்முடையது என்று.

"ஏம்மா, கேட்டபோதெல்லாம் இதைச் சொல்லவே இல்லையே" என்றேன்.

"எதை?" என்றாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. கரண்டியைக் காட்டினேன். "அது எல்லாரும் செய்றதுதானல" என்றாள்.

சொதி நன்றாக வந்தது. மைனிக்கு ஒரு தூக்குவாளி கொடுத்தனுப்பினேன்.

---

கல்லிடை மாமி எழுதியது:

சந்தோஷம். எலுமிச்சம்பழம் எப்போது பிழிந்தாள்?

---

அம்பைக்காரன் எழுதியது:

மாமி... அதைப் பார்க்கவில்லையே. அந்த நேரத்தில் தூக்குவாளி தேடிக்கொண்டிருந்தேன்.